பேராண்டிக்கு ஒரு முருங்கைக் கம்பு

வாடா பேராண்டி, உக்காரு. அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், சுவத்தோரமா இழுத்துப் போட்டுக்க. தேத்தண்ணி சொல்லட்டுமா? சீனி போட்டா, போடாமலா? சிங்கப்பூருக்கு வேலைக்குப் போக ஆரம்பிச்சதுலேருந்து நீ சீனியக் குறைச்சிட்டேன்னு உங்கம்மா சொன்னா. சம்பளத்தக் கூட்டிக்கிட்டு சீனியக் குறைக்கிறது நல்லதுதான். நாங்க சம்பளம் குறைஞ்ச காலத்துல சீனியக் கூட்டிக் குடிச்சோம். அதான் எனக்கு இப்ப கால்ல ஒரு விரல் கம்மி.

கையில போனு, போன்ல படம், படத்துல வெள்ளை வெள்ளையாப் பை, பைக்கு ஒரு மொளகாச் செடி. விவசாயம் பண்ணப் போறியா? மாசாய்லயா? உன் வீடு 22 அடிக்கு 70 அடி. முன்னாடி ரெண்டு காரு நிக்குது, பின்னாடி துணி காயுது. மொளகாய எங்க நடுவே, தலையிலயா? அங்கயும் நடுவுல எடம் விழுந்துக்கிட்டுத்தான் வருது, நான் பாக்காம இல்ல.

சரி சரி, கோவிச்சுக்காதே. கோவிச்சுக்கிட்டா வடை நீதான் வாங்கணும்.

உன் வீட்டு சமையக்கட்டு இருக்கே, அந்த எடம் எனக்குத் தெரியும். இப்ப நீ கேஸ் அடுப்பு வெச்சிருக்கிற எடத்துல நான் மங்கு கவுத்திருக்கேன். அது கித்தாக்காடு. நாளைக்கு ஐநூறு மரம் சீவணும், காண்டாக் கம்புல ரெண்டு பக்கமும் வாளி, வாளி நெறையப் பால். மேட்டுல ஏறும்போது பால் சிந்தினா தண்டல் கிட்ட வாங்கிக் கட்டிக்கணும், சிந்தாம ஏறினா தோள்பட்டை வாங்கிக் கட்டிக்கும். அந்த மேட்டத்தான் வழிச்சு எடுத்துட்டு உன் வீட்டக் கட்டினான். அதான் மழை பேஞ்சா உங்க தெருவுல தண்ணி நிக்குது. மேடு எங்க இருந்துச்சுன்னு தண்ணிக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, உனக்குத்தான் இல்ல.

நான் காலையில அஞ்சு மணிக்குப் பெரட்டுக்கு நின்னேன். இருட்டுல வரிசையா நிப்போம், கிராணி வந்து பேர் போடுவான். நீ நாலரைக்கே மோட்டார்ல கெளம்பிப் போயி பாலத்துல நிக்கிறே. அங்க கிராணிக்குப் பதிலா மிசின் உன் பேரப் போடுது. நான் நடந்து போனேன், நீ பெட்ரோல் ஊத்திக்கிட்டுப் போறே. இதத்தான் முன்னேற்றம்ங்கிறாங்க. இல்லைன்னு சொல்ல நான் யாரு.

இப்ப உனக்குக் கதை வேணுமா, புத்தி வேணுமா? கதை ஓசி. புத்திக்குக் காசு. மொதல்ல ஓசிய வாங்கிக்க.

இந்த மண்ணு இருக்கே, இது பெரிய ஆளு. யாரு வந்து என்ன நட்டாலும் சரி சரின்னு தலையாட்டும். நம்ம ஆளுங்க என்னமோ ஜொகூர்ல ஆதியிலேருந்தே பால்மரம் நின்ன மாதிரி பேசுவாங்க. இல்லடா. அதுக்கு முந்தி இங்க கேம்பிரும் மொளகும். உங்க கொள்ளுப்பாட்டி வெத்தலையோட கத்தக்காம்பு போட்டு மென்னாளே, அதுதான் கேம்பிர் எலையக் காய்ச்சி எடுக்கிற சரக்கு. தோல் பதனிட வெள்ளைக்காரன் ஊருக்குக் கப்பல் கப்பலாப் போச்சு. 1844ல ஜொகூர ஆண்ட தெமெங்கோங் இப்ராகிம் தெப்ராவ் ஆத்தங்கரைய டான் கீ சூன்னு ஒரு சீனருக்கு எழுதிக் குடுத்தாரு. அந்தக் காகிதத்துக்கு ‘ஆத்துச் சீட்டு’ன்னு பேரு. ஆத்துச் சீட்டு வாங்கினவருக்கு ‘காங்சூ’, ஆத்துக்கு எசமான். வரி வசூல், அபினி, சூதாட்டம், சாராயம் எல்லாம் அவரு பொறுப்பு. யோசிச்சுப் பாரு: இன்னிக்கு நீ தெரு முனையில ஒரு ஒட்டுக்கடை போடணும்னா எத்தனை காகிதம் கேக்கறான்! அன்னிக்கு ஒரே காகிதத்துல ஒரு ஆறு.

அந்தக் கேம்பிருக்கு ஒரு குணம் உண்டு. எலையக் காய்ச்ச விறகு வேணும். விறகுக்குக் காட்ட வெட்டணும். காய்ச்சி எடுத்த எலைக் கழிவ மொளகுக்கு எருவாப் போடுவாங்க, அதுல மட்டும் கெட்டிக்காரத்தனம். பதினஞ்சு இருபது வருசத்துல மண்ணு செத்துரும், பக்கத்து விறகும் தீந்துரும். மூட்டையக் கட்டிக்கிட்டு அடுத்த ஆத்துக்குப் போயிருவாங்க. 1917ல காங்சூ முறையவே சட்டம் போட்டு ஒழிச்சாங்க. அதுக்குள்ள கித்தா வந்து எல்லாத்தையும் தின்னுருச்சு.

கித்தாவக் கொண்டாந்த கூத்து இன்னும் நல்லாருக்கும். சிங்கப்பூர் பூந்தோட்டத்துல 1888ல ரிட்லின்னு ஒரு துரை வந்து சேந்தாரு. பைக்குள்ள ரப்பர் வெதையப் போட்டுக்கிட்டு, பாக்கிற தோட்டக்காரன் கையில எல்லாம் ‘நட்டுப் பாரு, நட்டுப் பாரு’ன்னு திணிச்சாராம். காப்பி நட்டுக்கிட்டிருந்த துரைமாருங்க அவருக்கு வெச்ச பேரு ‘பைத்தியக்கார ரிட்லி’. அப்புறம் காரு வந்துச்சு, டயரு வந்துச்சு, பைத்தியம் தெளிஞ்சுருச்சு. அவருக்கில்ல, மத்தவங்களுக்கு. அந்த மனுசன் 1956 வரைக்கும், நூறு வயசு தாண்டி இருந்தாரு. நீயும் போன்ல படத்தக் காட்டி ‘நட்டுப் பாருங்க தாத்தா’ங்கிறே. நூறு வயசு உனக்கும் கெடைக்கட்டும்.

எங்கப்பா சேலத்துப் பக்கம் ஆத்தூர்லேருந்து கப்பலேறினவரு. 1938ல இந்தியா ஆள் அனுப்புறத நிறுத்துச்சு பாரு, அதுக்கு ரெண்டு வருசம் முந்தி. ரெண்டு வருசம் சோம்பேறித்தனம் பண்ணியிருந்தா நான் இப்ப ஆத்தூர்ல மரவள்ளிக்குத் தண்ணி கட்டிக்கிட்டு இருந்திருப்பேன், நீ அங்கேருந்து சிங்கப்பூருக்கு வேலை தேடியிருப்பே. சுத்திச் சுத்தி நீ சிங்கப்பூர்தான். ஆனா மரவள்ளி இங்கயும் அவர விடலை. ஜப்பான்காரன் காலத்துல ரப்பர வாங்க ஆளில்லை, அரிசி இல்லை. லயத்துக்குப் பின்னாடி, பால்மரத்துக்கு நடுவுல, எடம் கண்ட எடத்துல மரவள்ளி. அப்பாவுக்குச் சாகற வரைக்கும் மரவள்ளி புடிக்காது. வீட்டுல வெந்தா வெளிய போயி உக்காந்துக்குவாரு.

அப்புறம் துண்டாடல். இந்தச் சொல்லு உன் தலைமுறைக்குத் தெரியாது. சுதந்திரம் கெடைச்ச கையோட பல வெள்ளைக்காரக் கம்பெனிங்க தோட்டத்த வித்துட்டுக் கெளம்புச்சு. வாங்கினவன் அத அஞ்சு ஏக்கரு பத்து ஏக்கருன்னு கூறு போட்டு வித்தான். கூறு வாங்கினவனுக்கு மரம் வேணும், மரத்தச் சீவறவன் வேணாம். குடும்பம் குடும்பமா ரோட்டுக்கு வந்துச்சு. அப்பத்தான் மந்திரியா இருந்த துன் சம்பந்தன் 1960ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சாரு. தோட்டம் தோட்டமா வந்து, நீங்க காசு போடுங்க, நாமளே தோட்டத்த வாங்குவோம்னாரு. எங்கப்பா பத்து பத்து வெள்ளியாக் கட்டினாரு. சங்கம் மொதல்ல வாங்கினது கெடாவுல புக்கிட் சீடிம் தோட்டம், 1961ல. தோட்டம் கெடாவுல, முதலாளி மாசாய்ல, லயத்துல. தன் தோட்டத்தக் கண்ணால பாக்காமலே செத்தாரு. லண்டன்ல உக்காந்துக்கிட்டு தோட்டத்தப் பாக்காத முதலாளிங்க மட்டும்தான் உண்டுன்னு நெனைக்காதே, எங்கப்பாவும் ஒரு ஆளு.

கிண்டல் பண்றேன்னு அந்தச் சங்கத்தக் கொறைச்சு எடை போட்டுராதே. கூலிக்காரன் பேரு ஒரு தோட்டத்துப் பத்திரத்துல ஏறுனது அந்தக் கணக்குலதான். மத்த எல்லாக் கணக்குலயும் நம்ம பேரு ஏறுனது சம்பளம் போடுற செக்ரோல்ல மட்டும்.

எழுபதுகள்ல எங்க தோட்டத்துல கித்தாவ அழிச்சு செம்பனை வெச்சாங்க. ரப்பர் வெலை செத்துருச்சு. கித்தா நட்டா பால் வெட்ட அஞ்சாறு வருசம் காத்திருக்கணும், செம்பனை மூணே வருசத்துல குலை தள்ளும். யாரு காத்திருப்பா? பால்மரத்த அழிக்கிறதுக்கு முந்தி என்ன பண்ணுவான் தெரியுமா? கடைசி ரெண்டு மூணு வருசம் மருந்தப் பூசி, ஏணி வெச்சு, மேலயும் கீழயும் கண்டமேனிக்கு வெட்டி, ஒடம்புல இருக்கிற பாலப் பூரா எடுத்துருவான். எப்படியும் சாகப் போற மரம்தானே. இத ஞாபகம் வெச்சுக்க, கொஞ்ச நேரத்துல வேலைக்கு ஆகும்.

செம்பனை வந்தப்ப உங்க பாட்டிக்கு ஒரு புது உத்தியோகம் கெடைச்சுச்சு. பனைக்குப் பவுடர் போடறது. சிரிக்காதேடா, நெசம். ஆம்பளைப் பூவுல இருக்கிற மகரந்தத்த எடுத்து, மொகத்துக்குப் போடுற பவுடர் மாதிரி மாவுல கலந்து, பொம்பளைப் பூ மேல ஊதணும். ஊதலைன்னா காய் புடிக்காது. ஆப்பிரிக்காவுல இந்த வேலைய ஒரு வண்டு பாக்குது. மரத்தக் கொண்டாந்தவனுங்க வண்டக் கொண்டார மறந்துட்டானுங்க. அதனால வண்டு வேலைய உங்க பாட்டி பாத்தா. ஊருக்கே பவுடர் போட்டுட்டு சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது மூக்கு, புருவம் எல்லாம் மஞ்சளா இருக்கும். ‘மாப்பிள்ளை பாக்கப் போனியா’ன்னு கேப்பேன். அன்னிக்கு ராத்திரி எனக்கு ரசம் மட்டும்.

1981ல அந்த வண்டக் கேமரூன் நாட்டுலேருந்து கொண்டாந்தாங்க. நம்ம ஜொகூர்லதான், குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்துல மொதல்ல விட்டாங்க. வேற எந்தப் பயிரையும் தின்னுறாதுன்னு அடைச்சு வெச்சு, சோதிச்சு, முறையா அனுமதி வாங்கி விட்ட வண்டு. எள்ளு மாதிரி இருக்கும். சம்பளம் கேக்காது, மே தினம் கேக்காது, புள்ளைக்கு ஆயாக்கொட்டாய் கேக்காது. நாடு முழுக்கப் பரவி, பவுடர் போட்ட பொம்பளைங்களுக்கு எல்லாம் வேலை போச்சு. வெளிநாட்டுத் தொழிலாளி வந்து நம்ம வேலையப் புடுங்கிட்டான்னு காப்பிக் கடையில பேசுவாங்களே, இந்தோனேசியாக்காரன், வங்காளதேசக்காரன்னு கை நீட்டுவாங்களே, உங்க பாட்டியக் கேட்டா சொல்லுவா. அவ வேலைய எடுத்தவனுக்கு ஆறு கால்.

அதோட இன்னொண்ணு. செம்பனைக்காட்டுல எலி. மருந்து வெச்சு மாளலை. அதனால நிரைக்கு நடுவுல கம்பம் நட்டு, மேல மரப்பெட்டி செஞ்சு, கூகைய குடி வெச்சாங்க. நல்ல பெட்டி. ஒழுகாது. காத்தோட்டம். ஒரு குடும்பத்துக்கு ஒரு பெட்டி. எங்க லயத்துல அந்த வருசம் ஒன்பது பேரு ஒரு ரூம்புல, கூரையில ஓட்டை. நான் ஆபீசுக்குப் போயி, ‘ஐயா, எங்களுக்கும் ஒரு கம்பம் நட்டுக் குடுங்க, எலி நாங்களும் புடிக்கிறோம்’னு சொன்னேன். பெரிய கிராணிக்குச் சிரிப்பு வந்துருச்சு, அதனால வேலை போகலை.

இப்ப வர்றேன் உன் பயிருக்கு. நாலாம் பயிரு. வீடு.

1977ல பாசீர் கூடாங்ல துறைமுகத்த தொறந்தாங்க. அதச் சுத்தி ஆலைங்க. ஆலையில வேலை செய்யறவனுக்குத் தூங்க எடம் வேணும்ல, அதுக்கு மாசாய். முந்தி மாசாய்ன்னா ஒரு கடைத்தெரு, பஸ்ஸு, சம்பளத்தன்னிக்கு தோட்டத்து ஆளுங்க வந்து மொச்சக்கொட்டையும் சாராயமும் வாங்குற எடம். அப்புறம் பிளெந்தோங் பக்கத்துலேருந்து தாமான் தாமானா மொளைச்சு வந்துச்சு. தாமான் ரிந்திங், பெர்மாஸ் ஜெயா, கோத்தா மாசாய். ஸ்ரீ ஆலாம் ஒண்ணு மட்டும் 3,700 ஏக்கருக்கு மேல. 2020ல பாசீர் கூடாங் மாநகரமாயிருச்சு, நாமளும் அதுக்குள்ள. நான் லயத்துல பொறந்து மாநகரத்துல சாகப் போறேன், எடம் மாறாமலே.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. நம்ம நாட்டு நிலச் சட்டத்துல நெலத்துக்கு மூணு சாதி: விவசாயம், கட்டடம், தொழில். பட்டாவுல விவசாயம்னு இருக்கிறத கட்டடம்னு மாத்தி எழுதி, அதுக்கான பணத்தக் கட்டிட்டா, அதே மண்ணு, அதே மண்புழு, வெலை மட்டும் கூரைய விட்டு மேல போயிரும். துண்டாடல் படுத்தின பாட்டால 40 எக்டருக்குக் கொறையாத தோட்டத்த தோட்ட நில வாரியத்தக் கேக்காம விக்கக் கூடாது, கூறு போடக் கூடாதுன்னு பின்னாடி சட்டத்துல ஒரு பூட்டும் போட்டாங்க. பூட்டுன்னா சாவியும் இருக்கும்ல. பெரிய கம்பெனிங்க இன்னும் வெவரம். சைம் டார்பி 2017ல மூணாப் பிரிஞ்சு, தோட்டத்துக்கு ஒரு கம்பெனி, வீட்டு மனைக்கு ஒரு கம்பெனின்னு ஆச்சு. ஒரே வயித்துல பொறந்த அண்ணன் தம்பி. ஒருத்தன் மரம் வெப்பான், ஒருத்தன் மனை போடுவான். பாகப்பிரிவினைன்னா இப்படி இருக்கணும். நம்ம வீட்டுல ஒரு இரும்புக் கட்டிலுக்கு உங்க பெரியப்பாவும் உங்கப்பாவும் நாலு வருசம் பேசலை.

தாமானுக்குப் பேரு வெப்பான் பாரு, அதுலதான் விவசாயம் நடக்குது. மாவார்ன்னா ரோசாப்பூ. புக்கிட் டாலியா, டாலியாப் பூ மலை. செண்டானா, சந்தனம். எல்லாம் பூவும் வாசனையும். எந்தத் தாமானுக்காவது ‘தாமான் செம்பனை’ன்னு பேரு வெச்சானா? அங்க நின்னது அதுதானே? மரத்த வெட்டின கையாலயே செத்தவன் பேர வெக்க யாருக்கும் மனசு வராது போல. செம்பனை போயிருச்சு, ஆனா செம்பனை எண்ணெய் போகலை. எங்கெங்கேயோ காய்ச்ச குலை எண்ணெயாகி, லோரி லோரியா பாசீர் கூடாங் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் வருது. சந்தனத் தாமான்ல உக்காந்துக்கிட்டு எண்ணெய் வாசம் புடிக்கலாம்.

வெட்டின மரம் சும்மா போகலை பாத்துக்க. அழுகிக் கெடந்த செம்பனைத் தண்டுல காண்டாமிருக வண்டு குஞ்சு பொரிச்சு, தாமான்காரங்க ஆசையா வெச்ச தென்னங்கன்னு குருத்தையெல்லாம் குடைஞ்சுருச்சு. குரங்கு வீட்டுக்குள்ள வந்து ரொட்டிய எடுத்துட்டுப் போச்சு. ‘தாமானுக்குள்ள குரங்கு வந்துருச்சு’ன்னு நகரசபைக்குப் போன் பண்ணாங்க. குரங்குக்குப் போன் இருந்தா அது என்னன்னு புகார் குடுத்திருக்கும்?

இப்ப, பால்மரத்துக்கு மருந்து பூசின கதைய ஞாபகம் வெச்சுக்கன்னு சொன்னேன்ல? உன் வீட்டுக் கடன் எத்தனை வருசம்? முப்பத்தஞ்சா? பால்மரத்துக்கே வெட்டுற காலம் இருபத்தஞ்சு முப்பது வருசம்தான்டா. மழை பேஞ்சா மரத்துக்கு லீவு. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வெட்டுவோம், மரம் தேறணும்னு. உன்னைய பேங்குக்காரன் மழையோ வெயிலோ மாசம் ஒண்ணாந்தேதி டாண்ணு சீவுறான். மேல ஓவர்டைம், போனஸ்னு மருந்து வேற பூசிக்கிறே. நான் உளி புடிச்ச கை, மரத்தப் பாத்தா தெரியும். நீ நல்ல மரம். நெறைய பால்.

கோவம் வந்துருச்சா? வடை உன் கணக்குல.

சரி, இப்ப ஒரு விசயம் உன் மூஞ்சிக்கு நேராச் சொல்லணும். போன வாரம் உங்க கூட்டாளிங்க எல்லாம் சேந்து, ‘எங்க தோட்டம் போச்சே, எங்க பசுமை போச்சே’ன்னு என்னமோ படம் எல்லாம் போட்டு உருகினீங்களாமே. எந்தத் தோட்டம்டா உங்க தோட்டம்? கேம்பிர் நட்டப்ப மண்ணு காங்சூவோடது. கித்தா நட்டப்ப துரையோடது. செம்பனைக்குக் கம்பெனியோடது. இப்ப பேங்கோடது. எங்களுக்குன்னு இருந்தது லயத்துக்குப் பின்னாடி எட்டடி. அதுல கத்தரி, வெண்டி, பசலை, ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ரெண்டு கோழி, மாடு இருந்தா மாடு. அதுக்குப் பட்டா கெடையாது, வாடகை கெடையாது. ஆனா அதுல வெளைஞ்சத எந்தக் கிராணியும் நிறுத்துப் பாக்கலை. எனக்கு ஏக்கம் வந்தா அந்த எட்டடிக்கு வரும். மத்த ஆயிரம் ஏக்கரு முதுகு வலி, அதுக்கு எதுக்கு அழுவேன்?

அழறதுக்கு உரிமை உள்ளவங்க யாருன்னா கோலா மாசாய் கம்பத்துக்குப் போ. ஓராங் செலேத்தார். இந்த அலையாத்திக் காட்டுலயும் தண்ணியிலயும் படகுலயே பொறந்து படகுலயே பொழச்ச ஜனங்க. காங்சூவுக்கு முந்தி, கித்தாவுக்கு முந்தி. ஒரு பயிரும் நடாம இருந்ததால ஒரு காகிதத்துலயும் அவங்க பேரு இல்ல. இப்ப சிப்பி வளத்து வித்துக்கிட்டிருக்காங்க. அங்க எனக்கு ஒரு கூட்டாளி உண்டு. ‘உங்க ஆளுங்க எப்ப வந்தீங்க’ன்னு ஒரு நாள் கேட்டான். ‘எங்கப்பா காலத்துல’ன்னேன். ‘ஓ, புது ஆளு’ன்னான்.

உன் மொளகாய்க்கு வருவோம். உரத்தண்ணி சொட்டுச் சொட்டா போற குழாய், தேங்கா மட்டைத் தூளு போட்ட பை, டைமர். நல்ல ஏற்பாடுதான், நான் பழிக்கலை. மண்ணுல நோய் இருக்கிற எடத்துல அது கெட்டிக்காரத்தனம். ஆனா போன்ல காட்டுறவன் காய்ச்ச செடியத்தான் காட்டுவான். வெள்ளை ஈ வந்து எலை சுருண்டு நிக்கிற செடியக் காட்ட மாட்டான். மூணு மாசம் கழிச்சு நீ பறிச்சுக்கிட்டு பாசாருக்குப் போனா, அங்க தாய்லாந்து மொளகாயும் வியட்நாம் மொளகாயும் உனக்கு முந்தி வந்து உக்காந்திருக்கும். வெலை ஏறினா உன் செடி பூவுல இருக்கும். செடி காயில இருந்தா வெலை எறங்கியிருக்கும். இது மொளகாயோட தலையெழுத்து, டைமர் வெச்சு மாத்த முடியாது. நீ நடப் போறது கூலாய் மொளகாதானே? பேருல ஊர வெச்சிருக்கு. அந்தக் கூலாய்ல இப்ப என்ன நடறான் தெரியுமா? செம்பனைத் தோட்டத்த வாங்கி கம்ப்யூட்டர் பண்ணை. அதுக்கும் ‘பண்ணை’ன்னுதான் சொல்றாங்களாம். அதுக்கும் தெனம் தண்ணி காட்டணுமாம், இல்லைன்னா சூடேறி வாடிருமாம். அஞ்சாம் பயிரு. தண்ணிய யாரோ ஊத்தறாங்க, வெளைச்சல யாரோ அள்ளறாங்க. எனக்குப் பழகின கதையாத்தான் தெரியுது.

எடம்? தனியா எடம் எடுக்கப் போறேன்னியே, எங்க? உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழயா? அப்படிக் கேளு! மாசாய் சுத்து வட்டாரத்துல கடைசி விவசாயி அங்கதான் இருக்கான். வீடு கட்ட முடியாத எடம்னா அங்கதான் பயிரு மிஞ்சும். கம்பிக்குக் கீழ, ஆத்தோரத்துல, ரோடு போட ஒதுக்கி வெச்சு மறந்த துண்டுல. ஒரு இந்தோனேசியாக்கார அம்மா மரவள்ளி வெச்சிருக்கா, ஒரு சீனக் கெழவர் கீரை வெச்சிருக்காரு, நம்ம ஆளு ஒருத்தன் ஆடு மேய்க்கிறான். யாருக்கும் பட்டா இல்ல. நகரசபை லோரி வர்ற சத்தம் கேட்டா மூணு பேரும் செடி பாக்க வந்தவங்க மாதிரி நிப்பாங்க. சொந்தமா நெலம் வெச்சிருந்தவன் எல்லாம் வித்துட்டுப் போயிட்டான், நெலமில்லாதவன்தான் இன்னும் நடறான். விவசாயத்த யாரு காப்பாத்துறாங்கன்னு கூட்டம் போட்டுப் பேசுறவங்க அந்தப் பக்கம் ஒரு நாள் மோட்டார்ல போயிட்டு வரலாம்.

நீ அங்க போனா ஒண்ணு மட்டும் பாத்துக்க. ஆத்துத் தண்ணிய மொண்டு ஊத்தாதே. 2019 மார்ச்ல கிம் கிம் ஆத்துல யாரோ கழிவக் கொட்டி, புள்ளைங்க பள்ளிக்கூடத்துலயே மூச்சு முட்டி விழுந்து, 111 பள்ளிக்கூடத்த மூடினாங்களே. அப்ப உங்கம்மா எங்க வீட்டு ஜன்னலுக்கெல்லாம் ஈரத்துணி கட்டினா. அன்னிக்குக் கண்டுக்கிட்டேன், பயிருக்குத் தண்ணி விடறதுக்கு முந்தி தண்ணிக்கு யாரு என்ன விட்டாங்கன்னு கேக்கணும். மழைத் தண்ணியப் புடி. ஒரு நீலப் பீப்பாய், மேல கொசுவலை. கொசு புழு வெச்சா டிங்கி, அதுக்கு அபராதம் வேற.

புத்திக்குக் காசுன்னு சொன்னேன்ல? கையில இருக்கிற சில்லறைய அங்க வெச்சுட்டு கேளு.

பை இருநூறு வாங்காதே. பத்து வாங்கு. செத்தா பத்துதான் சாகும், உன் பொண்டாட்டி ஒரு நாள்தான் திட்டுவா. வேலைய விடாதே. பின்னாடி துணி காயிற எடத்துக்கும் சாக்கடைக்கும் நடுவுல ரெண்டடி இருக்கு. அது உன்னோடதா நகரசபையோடதான்னு யாருக்கும் தெரியாத ரெண்டடி. அதுதான் நல்ல நெலம். உங்க பாட்டி காலத்துலயும் அப்படிப்பட்ட நெலத்துலதான் நமக்கு வெளைஞ்சது.

அங்க இத நடு. இந்தா, அந்தச் சுவத்துல சாத்தி வெச்சிருக்கேன் பாரு, முருங்கைக் கம்பு. மணிக்கட்டு தடிமன், நாலடி. லயத்துக்குப் பின்னாடி நின்ன மரத்தோட கம்பு இது. தோட்டம் வித்தப்ப எங்களுக்குக் கைக்குக் கெடைச்சதுல பாதிய பஸ்ஸுக்கே செலவழிச்சேன், ஆனா இந்த மரத்துலேருந்து ரெண்டு கம்ப வெட்டிக்கிட்டு வந்தேன். நாலாம் மாடி அடுக்குமாடியில எங்க நடறது? கீழ கார் நிறுத்துற எடத்தோரம் நட்டேன். மூணு தடவை வெட்டினாங்க, மூணு தடவையும் துளிர்த்துச்சு. இப்ப எங்க பிளாக்குல பாதிப் பேருக்குக் கீரை அதுலதான்.

அடியச் சாய்வா வெட்டு. ஒரு முழம் பள்ளம். மேல வெட்டுவாய்ல சாணி உருண்டை வெக்கணும், காயாம இருக்க. சாணிக்கு எங்க போவே? களிமண்ண உருட்டி வை. தண்ணிய அளவா ஊத்து, அழுகிரும். வீட்டுக்கு முன்னாடி வெக்காதே, முருங்கை ஆகாதுன்னு உன் மாமியார் ஆரம்பிச்சுருவா. நகரசபை ஆளு வந்து என்ன மரம்னு கேட்டா அலங்காரச் செடின்னு சொல்லு. நம்பலைன்னா ஒரு கட்டுக் கீரையக் குடு, நம்பிருவான்.

கெளம்பு, வெயில் ஏறுது. கம்ப மோட்டார்ல குறுக்கால கட்டாதே, பின்னாடி வர்றவன் கண்ணக் குத்திரும். மோட்டார் நிக்கிற வரைக்கும் தோள்ல போட்டுக்க. அப்படி இல்லடா, நடுவுல புடி, ரெண்டு பக்கமும் பாரம் சமமா வரணும். ஆங். அட, நிக்கிற நிப்பப் பாரு! வாளி மட்டும் மாட்டிவிட்டா போதும், கிராணி இருந்தா இந்நேரம் பேர் போட்டிருப்பான்.